குதிரையும் அமானிதமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் பழைய மலைப்பாதையையே நாடுவர். குப்பனூர் வழியாக ஏறும் மற்றொரு பாதையும் உண்டு. அந்த அடிவாரத்தில் தேநீருக்காக நின்றபோது, உடன் வந்த இளைஞர் தம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். 2021ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில், ஐந்து விளையாட்டுகள் அடங்கிய நவீன பெண்டாத்லான் போட்டியில் எடுக்கப்பட்டது அது. முன்னணியில் இருந்த ஜெர்மானிய வீராங்கனைக்குக் குலுக்கலில் கிடைத்த ‘செயிண்ட் பாய்’ என்னும் குதிரை தடைகளைத் தாண்ட மறுக்கிறது. அவர் அழுதுகொண்டே சாட்டையைச் சொடுக்குகிறார். வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் குதிரையைக் கைமுட்டியால் குத்துகிறார்.

“குதிரை ஏறக் கற்பது சுன்னத் என்கிறார்களே மாமா, இதுவும் அதில் சேருமா?” என்றார் இளைஞர்.

எளிதில் விடை கூறக்கூடிய வினாவன்று அது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ நூல் அறிவிக்கிறது. பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல். பயிற்றப்படாதவற்றுக்கோ அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைலே. பந்தயம் ஆகுமானது என்பதற்கு ஆதாரமாக இந்நிகழ்ச்சியை எடுத்துக் காட்டுவோர், அந்த இரண்டு தூரங்களைக் கவனிப்பதில்லை. மனிதன் எவ்வளவு விரும்புகிறான் என்பதன்று, பிராணி எவ்வளவு தாங்கும் என்பதே அங்கே அளவுகோலாயிற்று.

பந்தயத்தின் மீது கட்டப்படும் பணத்தைப் பற்றி நமக்குள் விவாதமில்லை, அது சூது. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும், 1996இல் உச்ச நீதிமன்றம் அது திறமையின்பாற்பட்ட ஆட்டம் எனத் தீர்ப்பளித்ததும் பலரும் அறிந்தவை. திறமை இருக்கட்டும், அது யாருடைய திறமை, அதற்காக வருந்தும் உடல் யாருடையது என்பதே என் கவலை.

இக்கவலை நமக்குப் புதியதாகவும் இருத்தலாகாது. இராவுத்தர் என்னும் பெயரிலேயே குதிரையைச் சுமப்பவர்கள் நாம். பாண்டியர் காலத்தில் காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்திறங்கின. ஆண்டுதோறும் 1,400 குதிரைகள், ஒவ்வொன்றும் 220 பொன் தீனார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்குரைக்கிறார். வழியில் இறந்துபட்ட குதிரைக்கும் அரசுக் கருவூலம் விலை கொடுத்ததாம். வந்து சேர்ந்தவையும் பராமரிக்க அறிந்தோரின்றி மடிந்தன என்றும், லாடம் கட்டத் தெரிந்தவர்கள் இங்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். குதிரை சாகச் சாக வணிகம் செழித்தது. நம் முன்னோரின் கடலோடிப் புகழைப் பேசும் மேடைகளில் இந்தப் பக்கம் புரட்டப்படுவதேயில்லை.

இன்று இந்தியருக்கும் இத்துறையில் புகழ் கிடைக்கிறது. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தங்கமும் குலாம் முகம்மது கான் வெள்ளியும் வென்றனர். பெங்களூரின் ஃபுவாத் மிர்ஸா 2018இல் ஜகார்த்தாவில் வெள்ளி பெற்றுப் பின்னர் தோக்கியோ வரை சென்றார். 2023இல் ஹாங்சோவில் நம் நால்வர் குழு, குதிரையை நடையழகில் பழக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் தங்கம் கொணர்ந்தது. மகிழ்வோம். ஆனால் அதே டிரெஸ்ஸாஜில் உலகப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் வீராங்கனை ஷார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது குதிரையின் கால்களைச் சாட்டையால் மீண்டும் மீண்டும் அடித்த காட்சி வெளியானதால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகி, ஓராண்டுத் தடையும் பெற்றார். பார்வையாளர் காணும் அழகு எங்கே தயாராகிறது என்பதை அது காட்டிவிட்டது.

நெடுந்தூர ஓட்டப் போட்டியில் மட்டும் எனக்கு ஓர் ஆறுதல் தோன்றுவதுண்டு. 160 கிலோமீட்டர் ஓடி முதலில் வந்துவிட்டால் மட்டும் வெற்றியில்லை. குறித்த நிமிடங்களுக்குள் குதிரையின் இதயத் துடிப்பு, வழக்கமான விதிப்படி, 64க்கு இறங்கவேண்டும்; நொண்டாமல் நடக்கவேண்டும்; மருத்துவர் ஏற்கவேண்டும். வாயில்லாப் பிராணியின் சாட்சியத்தைக் கேட்ட பிறகே தீர்ப்பு. எத்துணைச் சிறந்த விதி! ஆயினும் இவ்விளையாட்டில் பெரும்பொருள் செலவிடும் ஐக்கிய அரபு அமீரகத்தின் சம்மேளனத்தையே, குதிரைகளின் நலன் பேணாமை காரணமாக 2015இல் உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் சில மாதங்கள் நீக்கி வைக்க நேர்ந்தது. ஓடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அல்ஆதியாத் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதும் சமுதாயம் நாம். இதைப் பிறர் சுட்டிக்காட்டிய பின்னரா நாம் விழித்துக்கொள்ளவேண்டும்? குதிரை ஒருவனுக்கு நன்மையாகவும், ஒருவனுக்குத் திரையாகவும், பெருமைக்காக வளர்ப்பவனுக்குப் பாவச்சுமையாகவும் ஆகும் என்னும் கருத்துடைய நபிமொழியை எந்த மஜ்லிஸில்தான் நாம் கேட்கவில்லை?

இளைஞரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். “அப்படியானால் அந்தப் பெண் குற்றவாளிதானே?” என்றார்.

அவ்வளவு விரைவில் என்னால் தீர்ப்புக் கூற இயலவில்லை. முன்பின் அறியாத குதிரையுடன் பழகிக்கொள்ள விதி அவருக்கு அளித்தது 20 நிமிடம்தான். பல ஆண்டு உழைப்பு அந்த இருபது நிமிடத்தில் தொங்கிற்று. அடித்த கை அவருடையது. அவரை அந்த நிலையில் நிறுத்தியவர்கள் விதியை வகுத்த பெரியவர்கள். பின்னர் அவர்கள் கண்ட பரிகாரம், 2024 பாரிஸுக்குப் பிறகு பெண்டாத்லானிலிருந்து குதிரையையே நீக்கி, மனிதர் தாவியும் தொங்கியும் கடக்கும் தடைப் பந்தயத்தைச் சேர்த்ததாகும். குதிரைக்கு அடி தப்பியது, அம்மட்டில் நன்றே. ஆனால் அமானிதத்தைக் காக்க இயலாதவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதைப் போன்றதுதான் அது. காக்கக் கற்றுக்கொண்டதாக அதற்குப் பொருளில்லை என்றேன். இளைஞர் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி மலை ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை.