பெயர் போடாத கேலி

பருவத்தின் கடைசி வாரத்தில் கல்லூரி ஒரு ஃபீட்பேக் படிவத்தை நீட்டுகிறது. பாடத்தை முடித்தாரா, விளங்கும்படி நடத்தினாரா, நேரத்துக்கு வந்தாரா என்று ஆசிரியருக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடவேண்டும். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுத நான்கு வரி இடம். கேலி பிறப்பது அங்கேதான். சாருடைய சட்டை, மேடத்தின் குரல், அந்த வகுப்பில் வரும் இதமான தூக்கம், எல்லாம் அந்த நான்கு வரிக்குள் வந்துவிடும். பெயர் எழுத வேண்டியதில்லை என்பதால் கை தயங்குவதில்லை. இப்படி எழுதுவது தவறா?

தவறுதான் என்று உடனே சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாதா, பிதா, குரு என்று தொடங்குவார்கள். அதில் வலு இல்லை. ஆசிரியரைக் கேலி செய்வது தமிழுக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணத்துக்குள் நுழையும் முன்பே, ஆசிரியராகத் தகாதவர்களை நான்கு பொருள்களோடு ஒப்பிடுகிறது. ஒருவர் கழற்சிக்காய் போட்ட குடம்: போட்ட வரிசை ஒன்று, கொட்டும் வரிசை வேறு. இன்னொருவர் கருக்குமட்டை சூழ்ந்த பனை: நெருங்கி ஏற முடியாது, பழம் தானாக விழுந்தால் உண்டு. மூன்றாமவர் பஞ்சு அடைத்த குடுக்கை: உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். நான்காமவர் வளைந்த தென்னை: நீர் ஊற்றியவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் தோட்டத்தில். அதே நூல் மாணவர்களையும் விடவில்லை. எருமை, ஆடு, ஓட்டைக்குடம் என்றெல்லாம் அவர்களுக்கும் பெயர் வைத்திருக்கிறது.

இந்த நான்கில் ஒன்று தமக்குக் கிடைத்ததாக ஓர் ஆசிரியர் எண்ணிப் பார்க்கட்டும். சுருக்கென்று தைக்கும். ஆனால் எதைத் திருத்தவேண்டும் என்பதும் உடனே தெரிந்துவிடும்: பாடத்தை வரிசைப்படுத்து, கடுமையைக் குறை, தெரிந்ததைத் தடையில்லாமல் சொல், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காதே. இதை விட்டுவிட்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல காலமாக உலவும் ஒரு நகைச்சுவையைப் பாருங்கள். இன்னும் ஒரு மணி நேரம்தான் உயிர் வாழ்வேன் என்றால் அதை இந்த வகுப்பில் கழிப்பேன், இங்கேதான் ஒரு மணி நேரம் ஒரு யுகமாக நீளும் என்கிறது அது. சிரிப்பு வருகிறது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வகுப்பு ஏன் மொக்கையாக இருந்தது? பாடம் கடினமா, ஸ்லைடை அப்படியே வாசித்தாரா, மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பா? ஆசிரியருக்கு அவமானம் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே கேலியின் தவறு அதன் காரத்தில் இல்லை, வெறுமையில் இருக்கிறது.

ஆனால் பெரிய கேடு ஆசிரியருக்கு நேர்வதன்று. படிவத்தில் பெயர் கேட்காததற்குக் காரணம் உண்டு. அகமதிப்பீட்டு மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது. அவரைப் பற்றி உண்மை சொல்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். சாதியைக் குத்திப் பேசும் ஆசிரியரைப் பற்றியும், மாணவிகளிடம் அத்துமீறும் ஆசிரியரைப் பற்றியும் எழுதப் பலருக்கு இருக்கும் ஒரே இடம் அந்த நான்கு வரிதான். அறுபது படிவத்தில் நாற்பது கலாய்ப்பாக இருந்தால், துறைத்தலைவர் மீதி இருபதையும் அதே கண்ணால்தான் பார்ப்பார். பையன்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று கட்டை ஓரமாக வைத்துவிடுவார். வேடிக்கைக்கு எழுதியவர் செலவழித்தது தம் பாதுகாப்பை அன்று, பக்கத்து பெஞ்சில் இருப்பவருடையதை. ஆசிரியரின் மனம் புண்படும் என்பதைவிட இதுதான் இந்தக் கேலிக்கு எதிரான வலுவான வாதம்.

மாணவர் தரப்பிலும் நியாயம் உண்டு. படிவம் வரும்போது பாடம் முடிந்திருக்கும். அதில் எதை எழுதினாலும் எழுதியவருக்குப் பயனில்லை. அதை யாராவது படித்ததற்கான அடையாளமும் அவருக்குத் தெரிவதில்லை. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முன் கோப்பில் சேர்க்கவே இது என்று அவர் நினைத்தால் அது முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. யாரும் படிக்காத தாளில் ஒழுங்காக எழுது என்று கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் சில நேரம் படிக்கிறார்கள், தவறான காரியத்துக்கு. கௌரவ விரிவுரையாளருக்கும், சுயநிதிக் கல்லூரியில் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் அடுத்த ஆண்டு வேலை உண்டா என்ற கேள்வியில் இந்த மதிப்பெண்ணும் நுழைந்துவிடும். நிரந்தரப் பேராசிரியர் கேலியைப் படித்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். அதே வரி இன்னொருவருக்கு வாடகைப் பணம்.

அடி எல்லோர் மேலும் ஒன்றுபோல விழுவதுமில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் இணையவழிப் பாடத்தில் நடத்திய ஆய்வு 2015-இல் அச்சில் வந்தது. ஓர் ஆண், ஒரு பெண் என இரு பயிற்றுநர்கள். இருவரும் ஒரு குழுவுக்குத் தம் பெயரிலும் மற்றொரு குழுவுக்கு அடுத்தவர் பெயரிலும் நடத்தினார்கள். ஆண் என்று மாணவர்கள் நம்பியவருக்கே கூடுதல் மதிப்பெண். விடைத்தாள்களைத் திருப்பித் தந்தது ஒரே நேரத்தில்தான். வேகமாகத் தருகிறார் என்பதற்கான மதிப்பெண்ணும் அவருக்கே அதிகம். 43 மாணவர்களே பங்கேற்ற சிறிய ஆய்வு என்பதை மறக்கக்கூடாது. ஆனால் மாணவர்கள் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடும் ரேட் மை புரொஃபசர்ஸ் இணையதளத்தில் ஆசிரியரின் கவர்ச்சிக்கென்றே ஒரு மிளகாய்ப் படம் 2018 வரை இருந்ததை நினைத்தால் இந்த முடிவு வியப்பளிக்காது.

1970-இல் நடந்த இன்னொரு சோதனை எதிர்த்திசையில் பாய்கிறது. டாக்டர் ஃபாக்ஸ் என்ற பெயரில் ஒரு நடிகரை மேடையேற்றி, மனநல மருத்துவர்கள் உள்ளிட்டோர் முன்னால் பேச வைத்தார்கள். பேச்சு முன்னுக்குப் பின் முரண், சரக்கு சூனியம், நகைச்சுவையும் மிடுக்கும் மட்டும் தாராளம். கேட்டவர்கள் நல்ல மதிப்பீடே தந்தார்கள். படித்தவர்களே சிரிப்புக்கு மயங்கும்போது இருபது வயதுப் பிள்ளைகளின் ஐந்துக்கு மூன்றரையை வைத்து ஒருவரின் பிழைப்பை முடிவு செய்வது அநியாயம்.

கனடாவில் டொரொண்டோ நகரில் அப்போது ரையர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் சங்கமும் நிர்வாகமும் இதற்காகவே மோதின. 2018-இல் நடுவர் வில்லியம் கேப்லன் தீர்ப்பளித்தார்: பதவி உயர்வுக்கும் பணி நிரந்தரத்துக்கும் கற்பித்தல் திறனை அளக்க இந்த மதிப்பெண்களைப் பயன்படுத்தக்கூடாது. வகுப்பு தமக்கு எப்படி இருந்தது என்பது மாணவருக்குத் தெரியும்; ஆசிரியர் எவ்வளவு திறமையாகக் கற்பித்தார் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது.

ஆகவே பழியில் பெரும்பங்கு, படிக்காமல் கட்டிவைக்கும் அல்லது படித்து வேலையைப் பறிக்கும் கல்லூரிக்கே. அதனால் எழுதியவர் தப்பிவிட முடியாது. பக்கத்து பெஞ்சுக்காரருக்கு அவர் கடன்பட்டிருக்கிறார். கல்லூரிகள் ஒன்று செய்யலாம். படிவத்தைப் பருவத்தின் நடுவில் கொடுங்கள், எழுதியவர்களே பலனைப் பார்க்கட்டும். அடுத்த வாரமே வகுப்பில் நின்று, எது மாறும், எது மாறாது என்று ஆசிரியர் சொல்லட்டும். புகார்களுக்கு வேறு பெட்டி வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகு கேலி வந்தால், நன்னூல் தரத்தில் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள்.