இலவசத்துக்கு ஆகும் செலவு

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று மனசு கோடு போட ஆரம்பித்துவிடும். அந்தப் புத்திக்கு ஒரு குட்டு விழுந்தது, அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில்.

பக்கத்தில் ஒரு பெண். மடியில் மூன்று வயசுப் பையன். கொளுத்துகிற வெயிலில் அவன் இரண்டு கையிலும் பழைய சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் நூலால் கட்டியிருந்தாள். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் கறுத்து, தடித்து, அங்கங்கே நீர் கசிந்தது. கரப்பான். டாக்டர்கள் பாஷையில் எக்ஸிமா.

‘‘ராத்திரியெல்லாம் சொறியிறாண்ணே. ரத்தம் வந்தாலும் விட மாட்டேங்கிறான். அதான் கட்டி வச்சிருக்கேன்.’’

‘‘ஆஸ்பத்திரிக்குப் போகலையாம்மா?’’

‘‘ஒரு தடவை தோல் டாக்டர்கிட்ட காமிச்சோம். நல்லாத்தான் பாத்தாங்க. பதினஞ்சு நாள் கழிச்சு வரச் சொன்னாங்க. போகல.’’

எனக்குச் சுருக்கென்றது. ‘‘பெத்த புள்ளைம்மா! கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில காசா கேக்குறாங்க?’’

அவள் கோபப்படவில்லை. விரல் விட்டு எண்ணினாள். ‘‘எங்க ஊரு டவுன் பஸ்ஸுக்கு டிக்கெட் இல்ல, சரி. இங்கேருந்து புதுக்கோட்டைக்கு உண்டுல்ல? எனக்கும், தொணைக்கு வர்ற மாமியாளுக்கும். ரெண்டு பேருக்கும் அன்னிக்கு கடலை பறிக்கிற கூலி போச்சு. மூத்தவ பள்ளிக்கூடம் விட்டு வந்தா சோறு போட ஆள் இல்ல. மெடிக்கல்ல ஒரு டியூப் வாங்குனா இதெல்லாம் மிச்சம். தடவுனா மூணே நாள்ல பளிச்சுன்னு ஆயிருதுண்ணே. விட்டா திரும்ப வந்துருது.’’

‘இலவசம்’ என்று நான் பூஜ்யம் போட்ட இடத்தில், அவள் நாலு வரி செலவு எழுதிவிட்டாள். என் பி.காம். தோற்றது.

மூன்று நாளில் மாயம் செய்கிற களிம்பு என்றால், பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு விஷம் இல்லை. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் வரை தடவினால் கரப்பானுக்கு நல்ல மருந்துதான். இஷ்டத்துக்கு மாசக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும். அதனால்தான் 2018-ல் மத்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு எவ்வளவு தூரம் கடைக்குள் நுழைந்தது என்பது உங்களுக்கும் தெரியும்.

திருச்சியில் என் நண்பன் மகனுக்கும் இதே கரப்பான். ஃபோன் பண்ணினால் அப்பாயின்ட்மென்ட், பதினைந்தாம் நாள் தவறாமல் காரில் பயணம். அவன் மனைவியைப் ‘பொறுப்பான அம்மா’ என்கிறோம். பஸ் ஸ்டாண்ட் அம்மாவை? ‘அலட்சியம்’ என்போம். சற்று முன் நானே மனசுக்குள் சொன்னேன். வசதிக்குப் ‘பொறுப்பு’ என்றும், வசதியில்லாமைக்கு ‘அலட்சியம்’ என்றும் பெயர் வைப்பது என்ன நியாயம்?

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, கரப்பான் உள்ள கறுப்பினக் குழந்தைகள் அதற்காக டாக்டரிடம் போவது வெள்ளையர் குழந்தைகளைவிடக் குறைவு என்றது. ஆனால், ஒருமுறை உள்ளே போய்விட்ட கறுப்பினக் குழந்தைகள் அதிகத் தடவை போனார்கள். அதிக மருந்துச் சீட்டும் வாங்கினார்கள். அக்கறை இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது? வாசற்படியைத் தாண்டுவதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது.

1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மன்னரின் தனி அனுமதியோடுதான் ஆண்கள் படித்த கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. பிறகு டாக்டரானார். அன்று கதவே மூடியிருந்தது. இன்று திறந்திருக்கிறது, 2017-ல் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால், கதவைத் திறந்துவைத்துவிட்டு ‘வராதது உன் தப்பு’ என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்ததா?

‘உயிர் போகிற நோய்க்கே டாக்டர் போதவில்லை, அரிப்புக்கெல்லாம் வீடு தேடிப் போவார்களா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ராத்திரி தூங்காத பிள்ளை பகலில் வகுப்பில் தூங்குகிறது. ‘ஒட்டிக்கும்’ என்று மற்ற பிள்ளைகள் தள்ளி உட்காருகிறார்கள். கரப்பான் ஒட்டாது. ‘மாசமா இருக்கும்போது கரப்பான் பண்டம் தின்னியா?’ என்று அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். உயிர் போகவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரே ஊர் ஊராகப் போக வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் போக வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகள், நோய்களின் பட்டியலில் எக்ஸிமாவும் இருக்கிறது. கண்டுபிடித்து டவுனுக்கு அனுப்புவதோடு நிற்காமல், அடுத்த பதினைந்தாம் நாளை அந்த அம்மாவின் கூலி போகாமல் எப்படிப் பார்ப்பது என்று யோசித்தால் போதும். குளிப்பாட்டிய ஈரம் காயுமுன் உடம்பில் எண்ணெயோ களிம்போ பூசச் சொல்ல அங்கன்வாடி அக்காவே போதும்.

புதுக்கோட்டை பஸ் வந்தது. அவள் போகிறது ஆஸ்பத்திரிக்கு இல்லை, அக்கா வீட்டு விசேஷத்துக்கு. கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. ‘‘வர்றேண்ணே’’ என்று ஏறிப்போனாள். ஜன்னலோரம் பையன், சாக்ஸைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.