பராமரிப்பவருக்கு என்ன பாக்கி?

பொது ஏரி ஒன்றில் நீர்ச்சறுக்கு விளையாடுகிறவர்கள் ஸ்லாலம் தடம் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சறுக்குபவர் வளைந்து திரும்ப ஆறு மிதவைகள், படகு செல்ல நடுவே இரட்டை வரிசையில் இன்னும் சில. எல்லாமே நீருக்கடியில் நங்கூரமிட்டுக் கட்டியவை. பாசி படியும், கயிறு அறும், நீர்மட்டம் ஏறினால் மிதவை அமிழ்ந்துவிடும். நாலு பேர் வாராவாரம் இறங்கிச் சரிசெய்கிறார்கள். நாற்பது பேர் சறுக்குகிறார்கள். “கஷ்டப்படுறது நாங்க, அதனால முதல் முறை எங்களுக்குத்தான்” என்று அந்த நால்வர் சொன்னால், அது நியாயமா?

நான் வசிக்கும் கேளம்பாக்கம் பக்கத்துக்கு இந்தக் கேள்வி பழசு. பழைய செங்கல்பட்டு ஜில்லா ஏரிகளை நம்பி வாழ்ந்த மண். அதைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) ஏரி வாரியத்துக்கான விதிகளைச் சொல்கிறது. குடவோலை மூலம் ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வர முடியாது. ஒழுங்காகச் செய்து முடித்தவர்கூட மூன்று ஆண்டு விலகியிருக்க வேண்டும்.

திருட்டைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்பார்கள். கணக்கு விதிக்கு அது பொருந்தும். ஆனால் நேர்மையானவரை ஏன் விலகச் சொல்லணும்? உழைப்பு மெல்ல மெல்ல உரிமைப் பத்திரமாக மாறிவிடும் என்பதால்தான் என்று நினைக்கிறேன். என் தொழிலிலும் இது நடக்கும். ஊரே இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு நிரலை ஒரே ஆள் பத்து வருஷம் தாங்குவார். முதலில் அலுப்பு வரும், பிறகு “இது என்னோடது” என்ற அதிகாரம் வரும். இரண்டுக்கும் காரணம், மாற்றிவிட ஆள் இல்லாததுதான்.

உத்திரமேரூரை அப்படியே கொண்டாடவும் முடியாது. அது பிரம்மதேய ஊர்ச்சபை. வரிகட்டும் நிலமும் சொந்த வீடும் இருந்தவர் பெயர்தான் குடத்தில் விழுந்தது. மண் வெட்டிக் கரை போட்டவருக்கு அங்கே ஓலை இல்லை. உழைப்பவர் ஒருபுறம், முடிவெடுப்பவர் மறுபுறம் என்று பிரிந்தாலும் அது அநியாயம்தான்.

ஆக, அந்த நால்வருக்குத் தடத்தை எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. வெறும் நன்றி சொன்னாலும் போதாது. மிதவைக்குச் செலவான பணம், தடத்தைப் பற்றிய முடிவுகளில் ஒரு குரல், இவற்றோடு ஓய்வும் அவர்களுக்குப் பாக்கி. அடுத்த வாரம் தண்ணீரில் இறங்க வேறு நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் மீதி முப்பத்தாறு பேரிலிருந்துதான் வர முடியும்.