கண்டதைச் சொல்லும் கடமையும் காக்கும் கடமையும்

கண்டதைக் கண்டபடி சொல்பவன் நாணயஸ்தன். இதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால், கண்டது எதுவாயினும் கேட்பவர் எல்லோரிடமும் சொல்லித்தான் தீரவேண்டுமா? சொல்லாமல் வைத்துக்கொள்வது எப்போது நியாயம், எப்போது மோசடி? சந்தையில் நாள்தோறும் எழும் இக்கேள்வி நம் வீட்டுக் கொல்லையிலும் எழுகிறது என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். ஆயினும் செடிகொடிகளிலும் பறவைகளிலும் பற்றுக்கொண்ட அன்பர்கள் இந்தப் பருவத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சேதிகளைச் சற்றுக் கவனித்தால், அக்கேள்வியின் முழு வடிவத்தையும் அங்கே காணலாம்.

வடக்கே குளிர் நாடுகளில் அக்டோபரும் நவம்பரும் இலையுதிர் காலம். பூமத்திய ரேகைக்கு மூன்று பாகைக்குள் அடங்கிவிடும் நமது ஜொகூர் மாநிலத்துக்கு அப்படியொரு காலம் கிடையாது. இங்கே அக்டோபரில் பிற்பகல் இடிமழை. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று. அதன் பின் மெர்சிங், கோத்தா திங்கிப் பக்கங்களில் வெள்ள பயம். தாயகத்தில் ஐப்பசி அடைமழையைக் கொண்டுவருவதும் இதே வடகிழக்குப் பருவம்தான். பாய்மரக் காலத்தில் மலாக்கா நீரிணையிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் கப்பல் திரும்ப உதவியதும் இந்தக் காற்றே.

குளிர்காலம் இல்லாத இந்நாட்டில் ஒவ்வொரு மரமும் இலையுதிர்க்கத் தனக்கென்று ஒரு காலம் வைத்திருக்கிறது. கடலோரத்தில் நிற்கும் கெத்தாப்பாங், அதாவது நாம் நாட்டு வாதுமை என்று சொல்லும் மரம், ஆண்டுக்கு இருமுறை இலைகளைச் சிவக்க வைத்து உதிர்த்துவிடும். ரப்பர் மரமோ ஆண்டின் தொடக்கத்து வறட்சியில், பிப்ரவரி வாக்கில் மொட்டையாகும். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய கார்னர் என்ற அறிஞர், மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி 1940-இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கங்களை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் அதற்காகக் கடல் கடந்து தேடவில்லை. எல்லோரும் நடந்துபோகும் தெருவில் நின்று, ஆண்டுக்கணக்கில் பார்த்தார். பார்த்ததை எழுதி வைத்தார்.

நம் அன்பர்களும் சிறிய அளவில் அதைத்தான் செய்கிறார்கள். வடக்கிலிருந்து வந்த தகைவிலான் குருவிகள் மாலை வேளையில் கடைவீதி மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும்போது, இவ்வாண்டு எந்த வாரம் வந்தன என்று குறித்து வைக்கிறார் ஒருவர். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த ஜீவன்களை அடையாளம் காண நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மழை வலுக்கும் முன் முருங்கைப் போத்து நட்டால் வேர் பிடிக்குமா, தண்ணீர் தேங்கி அழுகுமா என்று கேட்கிறார் மற்றொருவர். கறிவேப்பிலைக் கன்றில் பறவையின் எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருப்பது உண்மையில் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு என்றும், வளர்ந்ததும் அது பச்சை நிறமாகிவிடும் என்றும் விளக்குகிறார் வேறொருவர். இந்தப் பேச்சுக்கு விலை கிடையாது, ரசீது கிடையாது.

வியாபாரிகளாகிய நாம் இதைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். கடையிலிருந்து ஒரு கிலோ அரிசி போனால் இருப்பில் ஒரு கிலோ குறையும். வெற்றிலைக் கொடியில் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தால், கொடி வேறு பக்கம் தளிர்க்கும். நம் வீட்டுக் கொடி வெள்ளத்தில் அழுகிப்போனாலும், கொடுத்த வீட்டிலிருந்து மீண்டும் ஒரு துண்டு வாங்கி வரலாம். கொடுத்த வீடுகளே நமக்குக் கிடங்கு. மாங்காயும் முருங்கையும் மலாய் மொழியில் மங்கா, மெருங்கை என்றே வழங்குகின்றன. கொடுத்தது காயோடு நிற்கவில்லை. பெயரும் சேர்ந்து போயிற்று. மரம் நட்டு அதன் கனியைப் பறவை தின்றாலும் நட்டவருக்கு அது தருமமாக எழுதப்படும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை அல்லவா?

ஆகவே, முதல் விதி எளிது. விதையையும் அனுபவத்தையும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கொடுப்பதிலும் ஒரு பொறுப்பு உண்டு. கறிவேப்பிலைச் செடியில் வளரும் ஒருவகைச் சிறுபூச்சி, எலுமிச்சை இன மரங்களைப் பசுமை நோய் என்னும் கொடிய நோய்க்கு ஆளாக்க வல்லது. அந்நோய் கண்ட மரத்துக்கு இதுவரை மருந்தில்லை. பூச்சி பிடித்த கன்றைப் பிரியத்தோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால், அங்கே காய்த்து நிற்கும் எலுமிச்சை மரத்துக்கு நாமே எமனை அனுப்பியதாகும். சரக்கில் பழுதிருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது வியாபாரத்தின் ஆதி ஒழுக்கம். காசு வாங்காமல் கொடுத்தாலும் அந்தக் கடமை தள்ளுபடி ஆவதில்லை.

சேதி சொல்வதிலும் அதே நாணயம் வேண்டும். நாள்வழியும் பேரேடும் எழுதிப் பழகிய நமக்கு இது புதிதன்று. வராத தொகையை வரவில் எழுதுவோமா? கேட்டதைக் கேட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும், சந்தேகத்தைச் சந்தேகம் என்றும் பிரித்தெழுத வேண்டும். “இவ்வாண்டு குருவி வரவில்லை” என்பதும் ஒரு பதிவுதான். பத்தாண்டு கழித்து யாரேனும் திரும்பிப் பார்க்கும்போது, உண்மையாக எழுதிய ஒரு வெற்று வரி, ஆசையால் எழுதிய பத்து வரிகளைவிடப் பயன்படும்.

இதுவரை சிக்கல் இல்லை. இனிமேல்தான் சிக்கல்.

மலாய்க்காரர் பாரௌ-பாரௌ என்று அழைக்கும் ஒரு பறவை உண்டு. கொண்டைக்குருவி இனத்தில் பெரியது. தலை வைக்கோல் நிறம். ஆற்றங்கரைகளிலும் காயலோரங்களிலும் வாழ்வது. அதன் குரல் அத்தனை இனிமை. அந்த இனிமையே அதற்கு எதிரியாயிற்று. கூண்டில் வைத்துக் கேட்க விரும்பியோர் பிடித்தார்கள், விலை ஏறியது, விலை ஏற ஏற இன்னும் பிடித்தார்கள். ஜாவாவின் காடுகளிலும் தாய்லாந்திலும் அது அற்றுப்போயிற்று. ஒரு காலத்தில் தாராளமாகக் காணப்பட்ட தீபகற்ப மலேசியாவில் இன்று மிகவும் அருகிவிட்டது. 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்பறவையை, அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் வரிசையில் சேர்த்தது.

இனிச் சிந்தியுங்கள். ஓர் அன்பர் ஜொகூரின் ஏதோ ஓர் ஆற்றோரத்தில் அப்பறவையின் குரலைக் கேட்கிறார், கூட்டையும் காண்கிறார். எவ்வளவு சந்தோஷம்! நண்பர்களிடம் சொல்கிறார். நண்பர்கள் நல்லவர்கள்தாம். அவர்களுக்கும் நண்பர்கள் உண்டு. பத்தாவது காதில் விழும்போது அது சேதியாக இருப்பதில்லை, சரக்காகிவிடுகிறது. செடிகளுக்கும் இதே கதிதான். வியட்நாமின் வடபகுதியில் வளரும் ஓர் ஆர்க்கிட் இனம் 1999-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பிடுங்கி விற்பவர்கள் அதன் காட்டையே ஏறக்குறையத் துடைத்துவிட்டார்கள். அறிவித்தவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். அந்த உண்மை திருடனுக்கு வழிகாட்டியாயிற்று.

அப்படியானால் வாயை மூடிக்கொள்வதே உத்தமமா? அதுவும் சரியாகாது. நமக்கு எதிரே, ஜொகூர் நீரிணையில் கிடக்கும் உபின் தீவைப் பாருங்கள். அதன் கீழைக்கோடியில் செக் ஜாவா என்ற கடலோரம் இருக்கிறது. அதை மண்கொட்டித் தூர்க்கச் சிங்கப்பூர் அரசாங்கம் திட்டமிட்டிருந்தது. 2001-இல் இயற்கை ஆர்வலர்கள் அங்கே வற்றுக்கடல் நேரத்தில் இறங்கி, கடற்புல்லையும் நட்சத்திர மீன்களையும் கடற்குதிரைகளையும் கண்டு, ஊரறியச் சொன்னார்கள். ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் தூர்க்கும் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அவர்கள் சொல்லாதிருந்தால் அங்கே இன்று வெறும் மண்மேடுதான் இருந்திருக்கும். நம் மாநிலத்தின் தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய சதுப்பு நிலங்கள் 2003-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றதும், அவற்றின் சிறப்பை அறிந்தவர்கள் எடுத்துச் சொன்னதால்தான்.

ஆக, சொன்னதால் அழிந்ததும் உண்டு. சொன்னதால் பிழைத்ததும் உண்டு. இரண்டையும் எதைக் கொண்டு பிரிப்பது?

இங்கே நம் தொழிலறிவு கைகொடுக்கும். பழுதான சரக்கின் குறையை மறைப்பவன் ஏன் குற்றவாளி ஆகிறான்? அந்த மௌனத்தின் லாபம் அவனுக்கு வருகிறது. நஷ்டம் வாங்குபவருக்குப் போகிறது. மறுபுறம், நம்மிடம் கடன் வாங்கிய ஏழையின் கஷ்டத்தை ஊருக்குச் சொல்லாமல் காப்பவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. அந்த மௌனத்தின் லாபம் முழுவதும் அந்த ஏழைக்கே. எனவே கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: என் மௌனத்தால் லாபம் யாருக்கு? எனக்கு என்றால் பேசவேண்டும். தனக்காகப் பேசமுடியாத ஒன்றுக்கு என்றால் காக்கவேண்டும்.

அதே தராசில் பேச்சையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். சொல்வதால் லாபம் யாருக்கு? “நான்தான் முதலில் கண்டேன்” என்ற பெருமைக்காகக் கூட்டின் இடத்தைச் சொல்பவர் காசு வாங்காவிட்டாலும் ஒருவகை விலை பெற்றுக்கொண்டவரே. அவ்வாறே, பாதுகாப்பைச் சாக்காகச் சொல்லி, அந்தக் காட்சி தனக்கு மட்டும் சொந்தமாக இருக்கவேண்டும் என்று ஒளிப்பவரும் தம் நிய்யத்தைச் சோதித்துக்கொள்வது நலம். அவர் காப்பது பறவையையா, தம் பெருமையையா?

கடற்கரை ஒன்று இருக்கிறது என்று சொன்னால் அதை எவரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. கூட்டைச் சொன்னால் குஞ்சு போய்விடும். தூக்கிக்கொண்டு போகக்கூடியதன் இடத்தைக் காவலரிடம் சொல்லவேண்டும்; சந்தையில் சொல்லக்கூடாது. இந்நாட்டில் காவலர் இல்லாமல் இல்லை. வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் இருக்கிறது; 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; 1940-இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து பறவைக் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் அமைப்பும் இந்த வழியையே பின்பற்றுகிறது. ஆபத்தில் உள்ள சில இனங்களின் பதிவை அது ஏற்றுக்கொள்ளும். இடத்தை மட்டும் பொதுவில் காட்டாது. கணக்கும் பொய்யாகவில்லை, கதவும் திறந்துகிடக்கவில்லை.

இதெல்லாம் ஏட்டில் எழுதச் சுலபம், கல்லாப்பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது அவ்வளவு சுலபமில்லை என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் சரக்கெடுக்கும் வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். பாட்டுப் பறவைகளில் அவருக்கு மோகம். “பாய், நீங்கள் வாரந்தோறும் ஆற்றுப் பக்கம் போகிறீர்களாமே, சோலைபாடி எங்கே கூடு வைத்திருக்கிறது?” என்று சிரித்தபடி கேட்கிறார். தெரியாது என்றால் பொய். சொன்னால் துரோகம். “தெரியும், ஆனால் சொல்வதற்கில்லை, மன்னிக்கவேண்டும்” என்பதே நேர்மையான பதில். அதற்கு அவர் முகம் சுளிக்கலாம். அடுத்த மாதக் கொள்முதல் வேறு கடைக்குப் போகலாம். ஒரு பறவைக்காக அவ்வளவு நஷ்டத்தையும் தாங்குவதா? பிறர் ஒப்படைத்த பணத்தை நஷ்டம் வந்தாலும் தொடாமல் வைப்பதை நாம் அமானிதம் என்கிறோம். அந்தக் கூடு நம் கண்ணில் பட்ட அன்றே அதுவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதுதான். “நான் சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்லிவிடுவார்” என்பது வாதமாகாது. நான் குறைத்து நிறுக்காவிட்டால் அடுத்த கடைக்காரர் குறைத்து நிறுப்பார் என்று எவரேனும் தம் தராசைக் கெடுத்துக்கொள்வதுண்டா?

காவல் பலமாக இருந்தால் மறைக்கவேண்டிய தேவையும் இராது. சிவகங்கைச் சீமையில் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்ற கிராமம் இருக்கிறது. அங்குள்ள வேட்டங்குடிக் கண்மாய்க்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆயிரக்கணக்கில் நீர்ப்பறவைகள் வருகின்றன. 1977-இல் அது சரணாலயமாக்கப்பட்டது. கூடு வைத்த பறவைகள் மிரளக்கூடாதென்று அவ்வூர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவ்விடம் எவருக்கும் ரகசியமில்லை. பள்ளிச் சிறுவனும் வழி சொல்வான். ஊரே காவல் நிற்பதால் அங்கே சொல்வதில் ஆபத்தில்லை.

நம் ஜொகூரில் எல்லா ஆற்றங்கரைக்கும் அப்படியொரு ஊர் இன்னும் அமையவில்லை. அமையும் வரையில், விதையைக் கேட்பவருக்கெல்லாம் கொடுப்போம். பூச்சியிருந்தால் சொல்லிக் கொடுப்போம். குருவி வந்த நாளை உள்ளபடி எழுதுவோம். கூட்டின் இடத்தைக் காவலரிடம் மட்டும் சொல்வோம். நம் பிள்ளைகளுக்கும் இந்த நான்கையும் கற்றுத்தருவோம். நாளைக்கு அவர்கள் கல்லாவில் உட்காரும்போதும் இதே பாடம்தான் தேவைப்படும்.