மறதியின் நியாயம்

மறப்பது குற்றமா? பாடசாலைக் கணினியை வைத்தே இதை யோசித்து வருகிறேன். லினக்ஸ் பணிசெயல் முறைமை நினைவகத்தைச் சும்மா கிடக்க விடாது. வன்தட்டிலிருந்து வாசித்த கோப்பை, மறுபடியும் கேட்கக்கூடும் என்று அங்கேயே வைத்திருக்கும். (வெற்றிடம் குறைகிறதே என்று பதற வேண்டியதில்லை.) இடம் நெருக்கினால், நெடுநேரம் தொடாத பக்கங்களைப் பெரும்பாலும் கைவிடும், மூலம் தட்டில் இருக்கிறதே. ஆனால் நாம் திருத்திய பக்கத்தை முதலில் தட்டில் எழுதிவிட்டுத்தான் விடும். அந்தத் திருத்தம் வேறெங்கும் இல்லை. எழுதுமுன் மின்சாரம் நின்றால் போனதுதான்.

நாமோ, அச்சிலுள்ள பாடத்தை மறந்த பிள்ளையைக் கண்டிக்கிறோம். உம்மம்மாமாரின் வாயில் மட்டுமிருந்த தாலாட்டை மறந்த நம்மைக் கேட்பாரில்லை. பின்னதையே குற்றமென்பேன். சென்ற தவணை விடுமுறையில் எங்களூர் மூதாட்டி ஒருவரிடம் இரண்டு தாலாட்டுகளை எழுதிக்கொண்டேன். மூன்றாவது, பாதியில் அவருக்கே வரவில்லை.