மென்மை யாருடையது?

மார்பில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்று பதறி ஒரு பெண் மருத்துவரிடம் ஓடுகிறாள். அது புற்றுக் கட்டி என்றால், அதிலிருந்து ஒரு செல்லை எடுத்து அணுவிசை நுண்ணோக்கியின் முனையால் அழுத்திப் பார்த்தால், நல்ல செல்லைவிட அது பெரும்பாலும் மிருதுவாக இருக்கிறது. விரலும் பொய் சொல்லவில்லை, முனையும் பொய் சொல்லவில்லை. கட்டியில் நெருக்கமாக அடைந்துகிடக்கும் கொலாஜன் நார்களைத்தான் விரல் உணர்கிறது; முனை ஒற்றைச் செல்லை மட்டும் தொடுகிறது. அப்படியானால் கடினமும் மென்மையும் பொருளில் இருக்கின்றனவா, தொடுதலில் இருக்கின்றனவா?

17-ஆம் நூற்றாண்டிலேயே தத்துவ அறிஞர் ஜான் லாக் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார். திண்மையைப் பொருளின் சொந்தக் குணமாக வைத்தவர், கடினத்தையும் மென்மையையும் அதிலிருந்து பிரித்தார். அவை நம் உடலோடு ஒப்பிட்டு நாம் வைக்கும் பெயர்கள் என்பது அவர் கருத்து.

1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் உருவாக்கிய அணுவிசை நுண்ணோக்கியில் மனித உடலுக்கு வேலையில்லை. வளையக்கூடிய மெல்லிய தகட்டின் நுனியில் ஒரு கூர்முனை. அது செல்லை அழுத்தும்போது தகடு எவ்வளவு வளைகிறது என்பதை லேசர் ஒளி காட்டிக்கொடுக்கும். 1999-இல் போலந்தின் கிராக்கோவில் லெக்கா குழுவினர் சிறுநீர்ப்பைச் செல்களை இப்படி அளந்து, புற்றுச் செல்கள் ஏறத்தாழ பத்து மடங்கு மிருதுவானவை என்று கண்டார்கள். 2007-இல் லாஸ் ஏஞ்சலிஸில், நோயாளிகளின் நெஞ்சில் கோத்த நீரிலிருந்து எடுத்த செல்களிலும் அதே கதை: பரவிய புற்றுச் செல்கள் நல்ல செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மிருதுவாக இருந்தன. மனிதக் கை விலகிவிட்டது. இனி மென்மை செல்லின் சொந்தக் குணம்தான் என்று அப்போது நினைக்கத் தோன்றியிருக்கும்.

அந்த நினைப்பை அசைத்தது எம்.சி.எஃப்-7. 1970-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றால் பாதிக்கப்பட்ட 69 வயது கன்னியாஸ்திரீ ஒருவரின் நெஞ்சு நீரிலிருந்து வளர்க்கப்பட்ட செல் வரிசை அது. அவர் மறைந்த பிறகும் அவருடைய செல்கள் உலகின் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. பல ஆய்வகங்கள் இந்தச் செல்களை வெவ்வேறு முறைகளில் அளந்து 2018-இல் முடிவுகளை ஒப்பிட்டன. செல் எவ்வளவு மிருது என்பதைக் காட்டும் மீள்மையின் அளவு ஆயிரம் மடங்கு வரை வேறுபட்டது! முனையின் வடிவம், அழுத்தும் வேகம், ஆழம் எல்லாமே எண்ணை மாற்றிவிடுகின்றன. போதாததற்கு, வளைவை மீள்மையாக மாற்றப் பரவலாகப் பயன்படும் கணக்கு, 1880-களில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் கண்ணாடி வில்லைகள் ஒன்றையொன்று தொடுவதைப் பற்றி யோசித்து எழுதியது. உயிருள்ள செல் அப்படி ஒரே சீரான பொருள் அல்ல. அழுத்தத்துக்கு ஏற்பத் தன் உள்கட்டமைப்பையே மாற்றிக்கொள்ளும்.

இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன் இருந்திருந்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை என்றிருப்பார். ஒரு கருத்தை அளக்கும் செயலே அந்தக் கருத்தின் பொருள் என்று 1927-இல் வாதிட்டவர் அவர். அவர் வழியில் போனால், அந்த ஆய்வகங்கள் அளந்தது ஒரே மென்மையை அல்ல, பல மென்மைகளை.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரே கருவியில், ஒரே முறையில் இரண்டு வகைச் செல்களையும் தொடும்போது புற்றுச் செல் பெரும்பாலும் மிருதுவாகவே விழுகிறது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு உறுப்புகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. வெறும் தொடுதலின் மாயம் இப்படி ஒரே பக்கம் சாயாது. வேறுபாடு செல்லில் இருக்கிறது. எண் மட்டும் செல்லுக்கும் முனைக்கும் பொதுவான சொத்து. ஆகவே எந்த முனையால், எந்த வேகத்தில், எவ்வளவு ஆழம் அழுத்தினார்கள் என்பதைச் சொல்லாத அளவை நம்பி எந்த நோயாளிக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது.