காத்திருப்பதும் ஒரு கடமை



குழந்தை பிறந்த பிறகுதான் ஒருவன் அப்பா ஆகிறானா, இல்லை அதற்கு முன்பேயா? தாய்க்கு இந்தக் கேள்வியே இல்லை. மசக்கையிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் அப்பாவாகப் போகிறவர் அந்தப் பத்து மாதமும் என்ன செய்ய வேண்டும்? "ஆம்பளைக்கு அங்க என்ன வேலை?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

நான் பொறியியல் படிக்கும் மாணவன், கல்யாணம் ஆகாதவன். இதப் பத்தி எழுத உனக்கு என்ன தகுதின்னு நீங்க கேக்கலாம். எங்க அண்ணனும் அண்ணியும் முதல் குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள். அண்ணிக்கு இது எட்டாவது மாதம். அவர்களைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது.

அண்ணன் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகும். அண்ணி கர்ப்பம் என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. எடுக்க ஆரம்பித்தார். "பிள்ளைக்காகத்தானே செய்றேன்" என்றார். அது உண்மைதான். ஆனால் அண்ணி ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "காசு வேணாம்னு சொல்லலங்க. உள்ள உதைக்கும்போது கூப்பிட்டுக் காட்ட ஆளில்ல."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். சம்பாதிப்பதும் கடமை, கூட இருப்பதும் கடமை. இரண்டும் மோதினால் எது பெரியது?

சட்டம் இதற்குப் பதில் சொல்லாது. மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் தந்தையருக்கு 7 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் அது 4 வாரம். ஆனால் குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருக்க வேண்டும். அண்ணனைப் போன்றவர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கச் சட்டம் அந்தப் பக்க முதலாளியைக் கட்டாது. அப்படியே கிடைத்தாலும், அதெல்லாம் பிறப்பை ஒட்டிய நாட்களுக்குத்தான். அதற்கு முந்தைய மாதங்களில் கணவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நம் சமயம் கேட்டிருக்கிறது. பதினாறு சம்ஸ்காரங்களில் சீமந்தம் ஒன்று. சீமந்தம் என்றாலே தலை வகிடு என்றுதான் பொருள். அந்தச் சடங்கின் முக்கியமான செயல், கர்ப்பிணி மனைவியின் தலைமுடியைக் கணவன் தன் கையால் வகிடெடுத்துப் பிரிப்பது. இன்றைக்கு வளைகாப்பில் பெண்கள் வளையல் போடுகிறார்கள், கணவர் ஓரமாக நின்று போன் பிடித்துப் படம் எடுக்கிறார். ஆனால் பழைய சடங்கு அவரை ஓரமாக நிற்க விடவில்லை.

நம் மொழியிலும் இதற்கு ஒரு தெளிவு இருக்கிறது. எதிர்பார்ப்பது வேறு, காத்திருப்பது வேறு. ஆணா பெண்ணா, யார் ஜாடை, டாக்டரா இன்ஜினியரா என்பதெல்லாம் எதிர்பார்ப்பு. அது நம் ஆசையைப் பற்றியது. காத்திருப்பு என்ற சொல்லில் காத்தலும் இருக்கிறது, இருத்தலும் இருக்கிறது. பிள்ளை எப்படி வரும் என்பது நம் கையில் இல்லை. காப்பதும் இருப்பதும் நம் கையில் இருக்கின்றன.

எங்கள் படிப்பில் ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் பற்றிச் சொல்லித் தருவார்கள். மின்சாரம் போகும்வரை அதற்கு வேலை இல்லை என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். ஆனால் எண்ணெய் நிரப்பி, பேட்டரி பார்த்து, அடிக்கடி ஓட்டிச் சோதித்து வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் அது கிளம்பும். அப்பாவின் காத்திருப்பும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணன் இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் ஓ.டி. போகிறார். முழுதாக விட வசதியில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை. ஆனால் இரவு வந்ததும் கிளினிக்கில் கொடுத்த அந்த பிங்க் புத்தகத்தைத் திறக்கிறார். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எந்த நிறம் எதைச் சொல்கிறது என்று கற்றுக்கொண்டார். 12 மணி நேரத்தில் குழந்தை 10 முறை அசைந்ததா என்று அண்ணியிடம் கேட்டுப் பார்க்கிறார். அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது வலி வந்தால் யார் கார் ஓட்டுவது என்பதும் முடிவாகிவிட்டது. அந்த ஆள் நான்தான்.

என் முடிவு இதுதான். காசு கொஞ்சம் தாமதமாக வரலாம், கடனாகவும் கிடைக்கும். அப்பாவின் கவனத்தை யாரிடமும் கடன் வாங்க முடியாது. அதனால் மணிக்கணக்கை வைத்து ஒருவரை எடை போடக்கூடாது. கப்பலில் வேலை செய்பவர்கூட போனில் தினமும் அக்கறையாகக் கேட்டால் அவரும் காத்திருக்கிறார். பக்கத்து அறையில் கேம் விளையாடிக்கொண்டிருப்பவர் எதிர்பார்க்கிறார், அவ்வளவுதான். பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஏறும் முன்பே ஒருவர் அப்பா ஆக முடியும். அதற்கு அவர்தான் மனசு வைக்க வேண்டும்.

உங்கள் அண்ணனோ மாமாவோ நண்பரோ முதல் குழந்தைக்காகக் காத்திருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது "ஆணா, பெண்ணா?" என்று கேட்காதீர்கள். "புத்தகத்துல என்ன கலர் ஒட்டியிருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியவில்லை என்றால், அன்றைக்கே போய்ப் பார்த்துவிடுவார்.